விளையாட்டுக்கு டியூஷன்

உட்காருங்கக்கா. அந்த மூட்டையை அப்படியே தள்ளி விட்டுட்டு உட்காருங்க. பனியன் துணிதான், கசங்கினா கசங்கட்டும். பிசிறு வெட்டிக் குடுத்தாப் போதும், தேய்ச்சுக் குடுன்னு கம்பெனியில யாரும் கேக்கல. நான் இப்படியே கத்திரிக்கோலைக் கையில வெச்சுக்கிட்டே பேசறேன், தப்பா நெனைக்காதீங்க. வேலை பாக்காம உட்கார்ந்தா எனக்குப் பேச்சு வராது. பேசாம உட்கார்ந்தா வேலை ஓடாது. எங்கூட்டுக்காரரு தறியோட்டற மனுசன். ஷிப்டு பூராவும் தறிச் சத்தத்துல நின்னுட்டு வீட்டுக்கு வந்தா இங்க எஞ்சத்தம். பாவந்தான். ஆனா தறிக்காச்சும் கரண்டு போனா லீவு உண்டுன்னு அவரு சொல்லும்போது மட்டும் பாவமா இருக்காது.

தம்பியை விடுங்க, வெளியில எம்பொண்ணு கவிகூட இருக்கட்டும். ஒண்ணும் ஆகாது. பாத்ரூம் கட்டறதுக்கு எறக்கின மணல்தான். கொத்தனாரு வர்ற மாதிரி தெரியல, புள்ளைங்களாச்சும் அதை வெச்சு ஏதாவது கட்டட்டும்.

கவி, தம்பிக்கு ஒரு கரண்டி குடு சாமி. அது இல்ல, அந்த நீளக் காம்புக் கரண்டி.

மிதுன்தானே பேரு? நல்ல பேரு. இந்த வீதிக்கு ஒரு ஆம்பளப் பையன் வேணும்னு இருந்துச்சு, எல்லாம் பொட்டப் புள்ளைங்களாவே இருந்துச்சு. நீங்க மில்லு வேலைக்காக இந்த ஊருக்குக் குடி வந்ததும் நல்லதாப் போச்சு.

என்ன கேட்டீங்க, பால்வாடியா கான்வென்டான்னு கேட்டீங்கல்ல. நல்ல ஆளுகிட்டதான் கேட்டிருக்கீங்க. இந்த ஊருல அந்த விஷயத்துல என்னைய விட அடிபட்டவ யாரும் கெடையாது. காபி குடிச்சுக்கிட்டே கேளுங்க.

போன வருசம் ஆனி மாசம் கவியைப் பால்வாடியில விட்டேன். பக்கத்துல இருக்குது, மதியம் சோறு போடறாங்க, முட்டை குடுக்கறாங்க. நானும் ரெண்டு மூட்டை கூடப் பிசிறு வெட்டலாம். அப்படி ஒரு கணக்குலதான் விட்டேன், மறைக்க என்ன இருக்குது. தெனமும் பொழுதோட கூட்டிட்டு வரும்போது கேப்பேன், "இன்னிக்கு என்ன சாமி படிச்சே?" கவி சொல்லுவா, "விளையாண்டேன்." அடுத்த நாள், "இன்னிக்கு என்ன படிச்சே?" "விளையாண்டேன்." "அதுக்கப்பறம்?" "சோறு தின்னேன்." "அதுக்கப்பறம்?" "மறுபடி விளையாண்டேன்."

நாங்க படிச்ச பள்ளிக்கூடத்துல கையைக் கட்டி, வாயில வெரலை வெச்சு உட்கார்ந்ததுக்குத்தான் முதல் மார்க்கு. கணக்குல நான் என்ன வாங்கினேன்னு கேக்காதீங்க, கையைக் கட்டறதுல என்னைய யாரும் அடிச்சுக்க முடியாது. அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சுட்டு வந்தவ, எம்புள்ள விளையாண்டேன் விளையாண்டேன்னு சொன்னா எனக்கு எப்படி இருக்கும்.

இதுல எங்க நாத்தனாரு வேற. சுபா அண்ணி, எங்கூட்டுக்காரருக்கு அக்கா. திருப்பூருல இருக்காங்க. அவங்க பையன் சாத்விக்குக்கும் கவிக்கும் ஒரே வயசு. அவன் கான்வென்டு. ஞாயித்துக்கெழமை ஆனா வீடியோ காலு போட்டுருவாங்க. "சாத்விக், மாமாவுக்கு பிளானட்ஸ் சொல்லு." அவன் டை கட்டிக்கிட்டு நின்னு சொல்லுவான், மெர்க்குரி, வீனஸ், எர்த்துன்னு. ஞாயித்துக்கெழமையில எதுக்குங்க டை. சொல்லி முடிச்சதும் அண்ணி, "கவி என்னம்மா படிக்கறா?"ன்னு கேப்பாங்க. கவி போன்கிட்ட வந்து நாக்கை நீட்டுவா. உள்ள ஒட்டியிருக்கற புளியங்கொட்டையையும் சேர்த்துக் காட்டுவா.

பங்குனியில எங்க ஊரு மாரியம்மன் நோம்பி. சொந்தபந்தம் எல்லாம் இங்கதான் வருவாங்க. மத்தியானம் கெடா விருந்து முடிஞ்சதும் ஜமுக்காளத்தை விரிச்சுப் புள்ளைங்களை நடுவுல நிறுத்தி, "எங்க, நீ சொல்லு, நீ சொல்லு"ன்னு ஒரு கச்சேரி நடக்கும். உங்க பக்கமும் உண்டுதானே? அதுல சாத்விக் வானத்துல இருக்கற கிரகம் பூராவும் சொல்லுவான். எம்புள்ள என்ன சொல்லுவா? விளையாண்டேன்னு சொல்லுவா. அத்தனை பேரும் என்னையத்தானே பாப்பாங்க.

நேராப் போயிட்டேன் பால்வாடிக்கு. தமயந்தி டீச்சர் ஒரு பையனுக்கு மூக்குச் சிந்தி விட்டுட்டு இருந்தாங்க. என்னைய விட நாலஞ்சு வயசுதான் மூத்தவங்க. ஆனா வாயி, எனக்கே சமமா வரும்.

"டீச்சர், ஒரு விஷயம். தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பா எடுத்துக்கற விஷயத்தைத்தான் எல்லாரும் அப்படி ஆரம்பிப்பாங்க. சொல்லுங்க கோகிலா."

"கவி வந்து இத்தன நாளாச்சு. அ தெரியல, ஆ தெரியல. கேட்டா விளையாண்டேங்கறா."

"உண்மையைத்தானே சொல்றா. பொய் சொல்லப் பழகலைன்னு சந்தோசப்படுங்க."

சொல்லிட்டு அந்தப் பக்கம் கையைக் காட்டினாங்க. கவி தண்ணித் தொட்டிகிட்ட உட்கார்ந்து, நீட்டு பாட்டில்ல தண்ணியை மோந்து அகலமான போசியில ஊத்தறா. எட்டிப் பாக்கறா. மறுபடி பாட்டில்லயே ஊத்தறா. பாதித் தண்ணி பாவாடையில.

"அவ என்ன பண்றான்னு தெரியுதா?"

"தண்ணியைக் கொட்டறா."

"பாட்டில்ல நெறைய இருந்த தண்ணி போசியில போனா ஏன் கொஞ்சமாத் தெரியுதுன்னு பாக்கறா."

"ரெண்டும் ஒரே தண்ணிதான்னு நான் சொல்லிடறேனே டீச்சர். எதுக்கு ஒரு தொட்டித் தண்ணியை வீணாக்கணும்?"

டீச்சர் என்னைய ஒரு பார்வை பாத்தாங்க. "இந்த வயசுல விளையாட்டுதான் படிப்பு கோகிலா"ன்னாங்க. இன்னும் ஏதோ சொல்ல வந்தாங்க, அதுக்குள்ள ஒரு பையன் டவுசரைக் கழட்டித் தலையில போட்டுக்கிட்டு ஓடினான். அவனைப் பிடிக்க அவங்களும் ஓடிட்டாங்க. நான் கெளம்பி வந்துட்டேன்.

கெளம்பி வந்தவ சும்மா வரலைக்கா. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு வந்தேன். விளையாட்டுதான் படிப்பு. சரி, டீச்சரே சொல்லிட்டாங்க. அப்படின்னா படிப்புல முதல்ல வரணும்னா விளையாட்டுல முதல்ல வரணும். அதுக்கு என்ன பண்ணணும்? வீட்டுல சொல்லிக் குடுக்கணும். எல்லாரும் இங்கிலீசுக்கும் கணக்குக்கும் டியூஷன் வெப்பாங்க. நான் விளையாட்டுக்கு டியூஷன் வெச்சேன்.

சிரிக்காதீங்க. அன்னிக்கு எனக்கு அது எவ்வளவு புத்திசாலித்தனமாத் தெரிஞ்சுதுன்னு உங்களுக்குச் சொன்னாப் புரியாது.

பாடம் என்னன்னு தெரியாம எப்படிச் சொல்லிக் குடுக்கறது? அதுக்காக, அம்மாக்கள் வந்து ஒத்தாசை பண்ணலாம்னு அங்க ஒரு வழக்கம் இருக்குது, அதைச் சாக்கா வெச்சு ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் மணல். ஒரு பக்கம் சொப்புச் சாமான். ஒரு பக்கம் களிமண். எல்லாத்தையும் மனசுல குறிச்சுக்கிட்டேன். சும்மா உட்கார முடியாமக் களிமண்ணுல கையை வெச்சேன். அது எப்படித்தான் இழுத்துச்சோ, அடுப்பு செஞ்சேன், அடுப்பு மேல சட்டி செஞ்சேன், சட்டிக்கு மூடி செஞ்சேன், மூடிக்குக் குமிழு வெச்சேன். அவ்வளவு அழகா இருந்துச்சுக்கா. பிரணவ்னு ஒரு பொடியன் வந்து அடுப்பு மேல நங்குன்னு ஒரு குத்து. "ராக்கெட்டு"ங்கறான்.

"டேய், என்னுதுடா அது"ன்னேன்.

"என்னுது"ன்னான்.

"நான்தான்டா செஞ்சேன்."

"நான்தான் ராக்கெட்டு செஞ்சேன்."

அவன் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, டீச்சர் வந்து ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னாங்க. அவனை ஒண்ணும் சொல்லல. "கோகிலா, நீங்க கொஞ்ச நேரம் அந்த மூலையில போய் உட்காருங்க"ன்னாங்க. அந்தப் பால்வாடியில மூலையில உட்கார வெச்ச ஒரே அம்மா நான்தான். கவி வந்து என் கன்னத்தைத் தடவி, "அழுவாத, மத்தியானம் முட்டை குடுப்பாங்க"ன்னா.

கவி, மணல்ல தண்ணி ஊத்தாத. கொஞ்சமா ஊத்து. அந்த அளவு போதும். இல்ல, தம்பி ஊத்தட்டும்.

எங்க விட்டேன்? ஆங், டியூஷன். பொழுதோட அவரு நைட் ஷிப்டுக்குக் கெளம்பினதும் ஆரம்பிச்சுருவேன். திங்கக்கெழமை கடை விளையாட்டு, செவ்வாக்கெழமை மணலு, புதன்கெழமை சமையலு. டவுனுக்குப் போய்க் கலர் களிமண்ணு வாங்கியாந்தேன், டப்பா டப்பாவா எவ்வளவு அழகா இருந்துச்சு தெரியுமா. ஒண்ணோட ஒண்ணு கலந்தா நெறம் கெட்டுருமேன்னு செவப்பைத் திருப்பி டப்பாவுல வெச்சப்பறந்தான் பச்சையை எடுத்துத் தருவேன். இன்னும் புதுசு மாதிரியே இருக்குது, பாருங்க, டிவிக்குப் பக்கத்துல கண்ணாடி அலமாரியில. கலைக்கவே மனசு வரல.

முதல் நாள் கடை விளையாட்டு. செங்கல் மேல பலகையைப் போட்டுக் கடை வெச்சுக் குடுத்தேன். நான்தான் வாங்க வர்ற ஆளு.

"என்னங்க இருக்குது உங்க கடையில?"

கவி ரெண்டு கையையும் குவிச்சு நீட்டினா. "மழை இருக்குது. எத்தன வேணும்?"

"மழையெல்லாம் கடையில விக்க மாட்டாங்க சாமி. கத்திரிக்காயி, தக்காளி, அப்படி எதாவது சொல்லு."

"இது மழைக் கடை."

"அப்படி ஒரு கடை இல்ல. நான் நாளைக்கு டவுனுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன், எங்கியாச்சும் இருக்கான்னு பாரு. இப்ப சொல்லு, வாங்க, என்ன வேணும்? கத்திரிக்காய் இருக்குது. சொல்லு."

"வாங்க, என்ன வேணும், கத்திரிக்காய் இருக்குது."

"அப்படித்தான் என் தங்கம். மறுபடி சொல்லு."

புள்ள எவ்வளவு வேகமாப் புடிச்சுக்கிட்டான்னு நெனைக்கறீங்க. பத்து நாளைக்குள்ள நான் என்ன சொன்னாலும் அப்படியே பண்ணுவா. மணல்ல வீடு கட்டினா, ஒவ்வொரு கை வெக்கறதுக்கும் என் மூஞ்சியைப் பாத்து, "சரியாம்மா?"ன்னு கேப்பா. சொப்புல சோறு பொங்கினா, "சரியாம்மா?" பொம்மையைத் தூங்க வெச்சா, "சரியாம்மா?" எனக்குப் பெருமை தாங்கல. நான் படிச்சப்ப இத்தன சந்தேகம் கேட்டிருந்தா நானும் எங்கியாச்சும் ஆபீசுல உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் பால்வாடி விட்டு, தமயந்தி டீச்சரே வீட்டுக்கு வந்துட்டாங்க. நீங்க உட்கார்ந்திருக்கற எடத்துலதான் உட்கார்ந்தாங்க. மூட்டையைத் தள்ளி விட்டுட்டு.

"கோகிலா, வீட்டுல புள்ளைக்கு என்ன பண்றீங்க?"

"ஏனுங் டீச்சர், முன்னுக்கு வந்துட்டாளா?"

"சுவத்துல சாஞ்சு உட்கார்ந்துக்கறா. யாராச்சும் விளையாடக் கூப்பிட்டா, எப்படி விளையாடணும்னு என்கிட்ட வந்து கேக்கறா. கையில எதை எடுத்தாலும் சரியா டீச்சர், சரியா டீச்சர். இன்னிக்குப் பிரணவ் சிங்கம் வித்துக்கிட்டு இருந்தான். சிங்கமெல்லாம் கடையில விக்க மாட்டாங்கன்னு இவ போய்ச் சொல்லிட்டா. ஆட்டத்துக்கு இனி சேர்த்துக்க மாட்டோம்னு அதுக சொல்லிருச்சு."

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "பரவால்ல டீச்சர், மத்த புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கற அளவுக்கு வந்துட்டா"ன்னேன். சந்தோசமா வேற சொன்னேன். டீச்சர் நெத்தியில கையை வெச்சுக்கிட்டாங்க. எனக்கு வெயிலுக்குத் தலைவலின்னுதான் தோணுச்சு, மோரு கரைச்சுக் குடுத்தேன்.

மோரைக் குடிச்சுட்டுச் சொன்னாங்க, "கோகிலா, நாலு வயசு கூட ஆகல. விளையாட மறந்துட்டா. வந்த புதுசுல அந்தப் பால்வாடியில அவ சத்தம்தான் கேக்கும். இப்ப அவ வந்திருக்காளான்னு நான் தேடிப் பாக்க வேண்டியிருக்குது."

அது மட்டும் எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னுச்சு. ஏன்னா வீட்டுலயும் சத்தம் கொறைஞ்சுதான் போயிருந்துச்சு. நான் அதை அடக்கம் வந்துருச்சுன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன். எங்கம்மா அடிச்சுப் பாத்தும் எனக்கு வராத அடக்கம் எம்புள்ளைக்கு வந்துருச்சேன்னு சாமிக்கு வெளக்கு வேற போட்டேன்.

"இப்ப என்ன டீச்சர் பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. அதுதான் பண்ண வேண்டியது. சொல்லிக் குடுக்காதீங்க, திருத்தாதீங்க, சபாஷ் போடாதீங்க. சரியான்னு கேட்டா சரின்னும் சொல்லாதீங்க, தப்புன்னும் சொல்லாதீங்க. கொஞ்ச நாளைக்கு உங்க வாயைக் கட்டுங்க."

"டீச்சர், வேற ஏதாவது மருந்து இருந்தாச் சொல்லுங்க"ன்னேன்.

கேலிக்குச் சொல்லலைக்கா, நெசமாத்தான் கேட்டேன். என்னால முடியுமா அது? கவி பொம்மைக்குச் சட்டையைத் திருப்பிப் போடுவா, எனக்கு இங்க நாக்கு துருதுருங்கும். கடைசியா ஒரு வழி கண்டுபிடிச்சேன். வீட்டுல கொப்பரை காயப் போட்டிருந்தோம். பேச வாய் வரும்போதெல்லாம் ஒரு துண்டு எடுத்து உள்ள போட்டுக்குவேன். மெல்லவே அவ்வளவு நேரமாகும். எண்ணெய்க்குன்னு காய வெச்ச கொப்பரையில பாதி என் வயித்துக்குள்ள போயிருச்சு. அவரு செக்குக்குக் கொண்டு போறப்ப, எலி தின்னுருச்சான்னு கேட்டாரு. ஆமான்னேன்.

அந்த வைத்தியம் நடக்கறப்பத்தான் நோம்பி வந்துருச்சு.

சுபா அண்ணி வந்தாங்க, சாத்விக் வந்தான். அவனுக்குப் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. கறி விருந்துல முதல் பந்தி முடிஞ்சு, ஜமுக்காளம் விரிச்சாச்சு. "சாத்விக், எல்லாருக்கும் பிளானட்ஸ் சொல்லு கண்ணு." நின்னு சொன்னான் பாருங்க, ஒரு தப்பு இல்ல. ஆனா அவன் கண்ணு பூராவும் அவங்கம்மா வாயிலதான் இருந்துச்சு. அண்ணி சத்தமில்லாம உதட்டாலயே கூடக் கூடச் சொல்றாங்க, அதைப் பாத்துப் பாத்து அவன் சொல்றான். எனக்குப் பாவமா இருந்துச்சுக்கா. ஒரு தாயி புள்ளையை இப்படியா போட்டு வாட்டறது. சில பேருக்குத் தெரியவே தெரியறதில்ல.

எல்லாரும் கை தட்டினாங்க. அப்பறம் எங்கூட்டுக்காரரோட பெரியத்தை ஒருத்தங்க, "கவி, நீ வா சாமி. நீ என்ன சொல்லப் போறே?"ன்னாங்க.

நான் டீச்சரை நெனைச்சுக்கிட்டு ரெண்டு துண்டு கொப்பரையை ஒண்ணாப் போட்டுக்கிட்டேன்.

கவி ஜமுக்காளத்துக்கு நடுவுல போய் நின்னா. வாயைத் தொறந்தா. தொறந்துட்டு என்னையப் பாத்து, "சரியாம்மா?"ன்னா.

"இன்னும் ஒண்ணுமே சொல்லலையே கண்ணு, அதுக்குள்ள என்ன சரியா?"ன்னு யாரோ கேட்டாங்க. அத்தன பேரும் சிரிச்சாங்க. கவி சிரிக்கல. கொஞ்சம் சத்தமா, "சரியாம்மா?"ன்னு மறுபடி கேட்டா. எனக்கு வாய் பூராவும் கொப்பரை. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல, மாமனாரு எதுத்தாப்புல உட்கார்ந்திருக்காரு. தலையை இப்படியும் ஆட்டக் கூடாது, அப்படியும் ஆட்டக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. நான் அப்படியே சாமி செலையாட்டம் உட்கார்ந்திருக்கேன். புள்ள என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கறா. அவ்வளவு நேரம் யாரும் என்னையப் பாத்ததில்லைக்கா, பொண்ணு பாக்க வந்தப்பக் கூட.

அப்பறம் அவ பாட்டுக்குத் திரும்பி, கொல்லைப் பக்கம் போயிட்டா.

எனக்கு எந்திரிச்சு ஓடணும்னுதான் இருந்துச்சு. அதுக்குள்ள ரெண்டாம் பந்திக்குக் கையில சோத்துக் கரண்டியைக் குடுத்துட்டாங்க. யாருக்கு என்ன போட்டேன்னு தெரியாது. ஒருத்தரு கறிக் கொழம்பு கேட்டாரு, பாயசத்தை ஊத்திட்டேன். அவரு நல்ல மனுசன், பெசஞ்சு சாப்பிட்டுட்டாரு.

பந்தி முடிஞ்சு எச்ச எலைக் கூடையைத் தூக்கிட்டுக் கொல்லைக்குப் போறேன். வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் சேரை எல்லாம் புள்ளைங்க வரிசையாப் போட்டு வெச்சிருக்குது. பஸ்ஸாமா. கவிதான் கண்டக்டரு. வாழை எலையை நறுக்கு நறுக்காக் கிழிச்சுக் கையில வெச்சுக்கிட்டு, "ஏறுங்க, ஏறுங்க, எடம் இருக்குது"ங்கறா.

"எங்க போகுது?"ன்னு ஒரு புள்ள கேட்டா.

"தெரியாது. ஏறுங்க."

சாத்விக் மட்டும் வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நின்னான். கவி அவன்கிட்டப் போனா.

"நீ ஏறலையா?"

"எங்க போகணும்னு எனக்குத் தெரியல."

"உனக்கு எந்த ஊரு தெரியும்?"

அவன் ரொம்ப நேரம் யோசிச்சான். "மெர்க்குரி"ன்னான்.

"மெர்க்குரி போகும். ஏறு. ரைட் ரைட்."

பஸ்ஸு கெளம்பிருச்சுக்கா. கவி, "மெர்க்குரி வந்துருச்சு, எறங்கறவங்கல்லாம் எறங்குங்க"ங்கறா. "அடுத்து என்ன ஊரு?"ன்னு அவனைக் கேக்கறா. அவன் "வீனஸ்"ங்கறான். வீனஸ்ல ரெண்டு பேரு எறங்கி ரெண்டு பேரு ஏறினாங்க. எர்த்துல ஒரு பொடியன் ஒண்ணுக்கு வருதுன்னு எறங்கிட்டான், அவனுக்காகப் பஸ்ஸு நின்னுச்சு. அப்பறம் மார்ஸு. அதுக்கப்பறம் பஞ்சரு. எல்லாரும் எறங்கித் தள்ளணும்னு கவி சொல்லிட்டா. சாத்விக் பட்டு வேட்டியோட மண்ணுல முட்டி போட்டுச் சேரைத் தள்றான். தள்ளிக்கிட்டே ஒரு சிரிப்புச் சிரிச்சான் பாருங்க, அந்தப் பையனுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். வீடியோ காலுல பல்லே பாத்ததில்ல.

கவி அத்தன நேரத்துல யாரையும் ஒரு தடவை கூடச் சரியான்னு கேக்கல. நான் வேப்ப மரத்துக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எலைக் கூடையைக் கீழ வெக்க மறந்துட்டேன், கொழம்பு ஒழுகிப் புதுச் சேலை நாசமாப் போச்சு. எனக்கா, நடுவுல போய், "டிக்கெட்டு குடுத்தாக் காசு வாங்கோணும் சாமி"ன்னு சொல்லணும்னு அப்படி இருந்துச்சு. காசே வாங்காம அத்தன பேரையும் ஏத்திட்டா. கொப்பரைதான் காப்பாத்துச்சு.

அப்பத்தான் சுபா அண்ணி வந்தாங்க. "சாத்விக், வேட்டி"ன்னு வாயைத் தொறந்தாங்க. நான் என்ன நெனைச்சேனோ தெரியல, இடுப்புல சொருகியிருந்த கொப்பரைத் துண்டை எடுத்து டக்குன்னு அவங்க வாயில திணிச்சுட்டேன். நாத்தனாரு வாயில, அதுவும் எச்ச எலை எடுத்த கையில. என்னைய அடிச்சே போட்டிருப்பாங்க, ஆனா மெல்ல ஆரம்பிச்சுட்டாங்க. மென்னுக்கிட்டே பாத்தாங்க. ரெண்டு பேரும் மரத்துக்குப் பின்னால ஆடு மாதிரி அசை போட்டுக்கிட்டு நின்னோம். பஸ்ஸு ஜூபிடரைத் தாண்டிருச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அண்ணி மெதுவா, "அவன் இந்த மாதிரி யாரு கூடயும் சேர மாட்டானே கோகிலா"ன்னாங்க. வேட்டியைப் பத்திப் பேசவே இல்ல.

இப்ப லீவு விட்டா இங்கதான் கொண்டாந்து விடறாங்க. அவனும் எந்தக் கிரகத்தையும் ஒழுங்கா வரிசையாச் சொல்றதில்ல, நடுநடுவுல பல்லடம், காங்கேயமெல்லாம் சேர்த்துக்கறான்.

இப்ப நீங்க நெனைப்பீங்க, டியூஷன் வெச்சது தப்புன்னு. அங்கதான் நான் ஒத்துக்க மாட்டேன். டீச்சர்கிட்டயும் சொன்னேன். கவி அன்னிக்கு ஏறுங்க ஏறுங்கன்னு அத்தன பேரைக் கூப்பிட்டாளே, அந்த வாய்ச் சாமர்த்தியம் எங்கிருந்து வந்துச்சு? நான் கடை விளையாட்டுல வாங்க, என்ன வேணும்னு சொல்லிச் சொல்லி உருப்போட வெச்சது. அஸ்திவாரம் என்னுது. டீச்சர் கேட்டுட்டு, மறுபடியும் நெத்தியில கையை வெச்சுக்கிட்டாங்க. அவங்களுக்கு வெயிலே ஒத்துக்கறதில்ல பாவம்.

அதனால நீங்க யோசிக்காமப் பால்வாடியில போடுங்க. அடுத்த வாரம் தொறக்கறாங்க. வீட்டுல ஒண்ணும் சொல்லிக் குடுக்காதீங்க, பக்கத்துல போய் நிக்காதீங்க. என்னையவே பாருங்க, நான் இப்பெல்லாம் கவி விளையாடறப்ப ஒரு வார்த்தை பேசறதில்ல. அவ பாட்டுக்கு அவ, எம்பாட்டுக்கு நான்.

கவி, தம்பியை வெயில்ல உட்கார வெக்காத. நெழலுக்கு வாங்க. அந்தச் செங்கல்லைப் போடு, கால்ல விழும்.

பதிலே காணம். இருங்க, எட்டிப் பாக்கறேன்.

அக்கா, இங்க வாங்க. மெதுவா வாங்க, கொலுசுச் சத்தம் கேக்கப் போகுது.

பாத்தீங்களா. கவி என் பழைய துண்டைத் தோள்ல முந்தானையாப் போட்டுக்கிட்டு, பக்கெட்டைக் கவுத்து உட்கார்ந்திருக்கா. மடியில துணி. கையில என்னது, வேப்பங்குச்சியா? அதுதான் கத்திரிக்கோலு போல. வெட்டு வெட்டுன்னு வெட்டறா. வாய் ஓயவே இல்ல. உங்க மிதுன் அவளுக்கு எதுத்தாப்புல, ஒரு கொட்டாங்குச்சியைக் காபி டம்ளராட்டம் பிடிச்சுக்கிட்டு, தலையை ஆட்டறான். உம்முங்கறான். ஆங்குங்கறான். வேற ஒரு வார்த்தை அவனால பேச முடியுதா பாருங்க.

கவி என்ன சொல்றான்னு கேளுங்க. "நான் ஒண்ணுமே சொல்றதில்லீங்கக்கா. நான் எம்பாட்டுக்கு இருப்பேன்"ங்கறா. கையை ஆட்டறதைப் பாருங்க, அப்படியே... யாரோ மாதிரி.

அவ்வளவா பேசறேன் நான்?

நீங்க எதுக்கு இப்பச் சிரிக்கறீங்க.

இல்ல, அவ தப்பா சொல்றாக்கா. போய் ஒரே ஒரு வார்த்தை, நான் அவ்வளவு வேகமா வெட்டறதில்ல, துணி கிழிஞ்சுரும், அதை மட்டும் சொல்லிட்டு... சரி. வேண்டாம்.

அய்யோ, தம்பி எந்திரிக்கறானே. "நேரமாச்சுங்க, நான் கெளம்பறேன்"ங்கறான். கவி அவன் டவுசரைப் பிடிச்சு இழுத்து, "இருங்க, இன்னும் முடியல"ன்னு உட்கார வெக்கறா.

நீங்க எப்பக்கா கெளம்பறேன்னு சொன்னீங்க? நாலு மணிக்கா? ரெண்டு தடவை சொன்னீங்களா? என் காதுல விழவே இல்லையே.

இப்பப் போகாதீங்க. நீங்க தம்பியைக் கூப்பிட்டா ஆட்டம் கலைஞ்சுரும். வாங்க, இந்தப் படியிலயே சத்தமில்லாம உட்காருவோம். அவங்க முடிக்கட்டும். எவ்வளவு நேரமானாலும் சரி.

நான் பேசல.